இரவில் நாம் எழுந்தது

இரவின் பிற்பகுதியில் விளக்கேற்றாமல் எழுந்து, சுவரைத் தடவியவாறு கொல்லைப்புறம் சென்று வருவது நமக்கு 64ஆம் வயதில் வழக்கமாயிற்று. முதலில் ஒரு முறை. சில மாதங்களில் இரண்டு. பின்னர் மூன்றும் நான்குமாக வளர்ந்தது. எழுந்த கையோடு உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுத இரவுகளும் உண்டு. தொழாமல் வந்து படுத்துவிட்ட இரவுகளே மிகுதி. ஆயினும், தண்ணீர் புழங்கும் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டார், வாப்பா தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுகிறார் என்று முடிவு கட்டிவிட்டனர். செய்தி சம்பந்தி வீட்டார் வரை சென்றது. பெருநாளன்று நம் கையைப் பற்றி ஸலாம் சொன்ன உறவினர் ஒருவர், தமக்காகவும் அந்நேரத்தில் துஆ செய்யும்படி வேண்டிக்கொண்டார்.

நாம் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் உண்மைக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்ல நா எழவில்லை. செய்யாத வணக்கத்திற்குப் புகழ் ஏற்பது எத்தகைய குற்றம் என்பதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லி வந்த நாமே, நம் உடம்பில் ஒரு சிறு சுரப்பி பருத்திருக்கிறது என்று சொல்லக் கூசி, அப்புகழுக்குள் ஒளிந்துகொண்டோம். இதனை இப்போது எழுதுவதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனினும், இக்கூச்சம் ஒரு முறை நம் நெற்றியைப் பிளந்தது. மற்றொரு முறை, அதைவிடப் பெரிதாக வேறெதனையோ பிளந்திருக்கக்கூடும். ஆதலால் எழுதுகிறோம்.

சிறுநீர்ப்பையின் கழுத்தடியில், சிறுநீர் இறங்கும் குழாயைச் சுற்றிலும் அணைத்தவாறு, ஓர் அக்ரூட் கொட்டையளவில் ஆடவர்க்கு அமைந்திருக்கும் சுரப்பியே புராஸ்டேட். இளமையில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். வயது ஏற ஏற அது பருக்கிறது. அறுபதைக் கடந்த ஆடவரில் சரிபாதிப் பேருக்கேனும் இது நேர்கிறது என்பர். இது புற்றுநோயன்று, புற்றாக மாறுவதுமில்லை. குழாயை நெரிக்கிறது, அவ்வளவே. அந்நெரிப்பால் சிறுநீர் தயங்கி வருகிறது, நூலாக இழிகிறது, முற்றும் வடியாமல் பையிலே தங்குகிறது, எழுந்து நடந்த பின்பும் இரண்டு சொட்டுக் கசிகிறது. அந்த இரண்டு சொட்டு, தொழுகையாளி ஒருவனை எத்துணை அலைக்கழிக்கும் என்பதை அனுபவித்தவரே அறிவர். உளூச் செய்து பள்ளிக்குள் நுழைந்து, ஐயம் தோன்றித் திரும்பி, மீண்டும் ஹவ்லுக்கு நடந்து, ஜமாஅத்தைத் தவறவிட்ட நாள்கள் பல. மஃரிபுக்குப் பின் தண்ணீர் குடிப்பதை விட்டோம். நெருஞ்சில் கஷாயம் குடித்துப் பார்த்தோம். பள்ளிவாயிலில் நம் முகக்குறிப்பைப் படித்துவிட்ட நண்பர் ஒருவர், கொழும்பில் தாம் வாங்கிவந்த மாத்திரை அட்டை ஒன்றை நம் சட்டைப் பையில் திணித்து, "எனக்குக் கேட்டது, நீங்களும் ஒன்று போட்டுப் பாருங்கள்" என்றார்.

அம்மாத்திரையை நாம் போடாதது நம் அறிவினால் அன்று, அச்சத்தினால்தான். பின்னர் விசாரித்தபோது அது டெராசோசின் என்று தெரிந்தது. இரத்த அழுத்தத்தைக் குறைக்க வந்த மருந்து அது. பின்னரே இந்நோய்க்கும் பயன்படலாயிற்று. முதலில் 1 மில்லிகிராம் மட்டும், அதுவும் படுக்கப் போகும் வேளையில் கொடுத்து, உடல் பழகப் பழகச் சிறிது சிறிதாக அளவை உயர்த்துவர். பல நாள் விட்டுவிட்டால் மறுபடியும் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நண்பரோ படிப்படியாக ஏறி 5 மில்லிகிராமில் நின்றிருந்தார். அவருடைய முடிவுப் படி, நமக்கு முதற்படியாக இருந்திருக்கும். அன்பினால் கொடுத்தார்; குறை சொல்வதற்கில்லை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், யாரிடமும் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் பேருந்தேறி, சிறுநீரகத் துறை மருத்துவர் ஒருவரைக் கண்டோம். ஸ்கேன் எடுத்தார், இரத்தப் பரிசோதனை செய்தார், டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்து, நாள்தோறும் அதே வேளையில், மெல்லாமல், திறக்காமல், முழுதாக விழுங்க வேண்டும் என்றார். "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்றோம்.

அது பொய்யென்று அப்போது நமக்குத் தோன்றவில்லை. இரத்த அழுத்தத்திற்காக ஊர் மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பதினோராண்டுகளாகக் காலைத் தேநீரோடு விழுங்கி வருகிறோம். பதினோராண்டு விழுங்கினால் மருந்தும் உணவாகிவிடுகிறது போலும்! "மருந்து" என்று அவர் சொன்னதும், அந்த வெள்ளை மாத்திரை நம் நினைவின் விளிம்புக்குக்கூட வரவில்லை.

முதலிரு வாரங்கள் நன்றாகவே கழிந்தன. அடைபட்ட மடை திறந்தாற்போல் இருந்தது. உடனே நோன்பு வந்தது. தராவீஹ் முடிந்து வீடு திரும்பினால், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக அறைகளெல்லாம் திறந்து கிடக்கும். இரவு உணவு நள்ளிரவை நெருங்கும். அக்கூட்டத்தின் நடுவே அட்டையை உரித்து மாத்திரை விழுங்கினால், "இது எதற்கு?" என்று ஒன்றுக்குப் பத்து வாய் கேட்கும். ஆகவே ஒரு தந்திரம் செய்தோம். மருந்தைக் கிதாபு அலமாரியில் தடித்த நூல்களின் பின்னே வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்பாக மூன்று மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிடுவோம். நான்கு மணிக்கு மேல்தான் ஸஹர் உணவு. அப்போது எழுந்ததும் தஹஜ்ஜுத் கணக்கிலேயே சேர்ந்தது.

ஒன்பதாம் நோன்பன்று காலை எட்டு மணியளவில் வீட்டில் லுஹாத் தொழுதுகொண்டிருந்தோம். இரண்டாம் சஜ்தாவிலிருந்து எழுந்து நின்றோம், நின்றதாகத்தான் நினைவு. அதன்பின் அலமாரியின் மூலையும், முஸல்லாவில் இரத்தமும், மகளின் அலறலுமே நினைவில் உள்ளன. நெற்றியில் நான்கு தையல். ஊர் மருத்துவர், "புதிதாக ஏதேனும் மாத்திரை எடுக்கிறீர்களா?" என்று கேட்டபோது மகளும் மருமகனும் கட்டிலருகே நின்றிருந்தனர். இம்முறை அறிந்தே சொன்னோம்: "இல்லை."

நோன்பின் களைப்பு என்று எண்ணி, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் மீண்டும் கண்ணிருண்டது. அன்று மாலை தனியே அவரிடம் போய் உட்கார்ந்து அனைத்தையும் கொட்டினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. முதலில் நம்மைப் படுக்க வைத்தும் பின்னர் நிற்க வைத்தும் இரத்த அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது அது சரிந்திருந்தது. பிறகு விளக்கினார். புராஸ்டேட்டிலும் பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்துவதே அம்மருந்தின் வேலை. அத்தகைய தசை இரத்தக் குழாய்களிலும் உண்டு. அவையும் சற்றே தளரும். நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களுக்கு இறங்கிவிடாமல் அக்குழாய்கள் சட்டென்று இறுக வேண்டும். மருந்து அதற்குத் தடை. அழுத்த மாத்திரை இன்னொரு தடை. நோன்பில் உடல் வறண்டிருப்பது மூன்றாவது. போதாக்குறைக்கு, வெறும் வயிற்றில் விழுங்கினால் டாம்சுலோசின் மிகுதியாகவும் விரைவாகவும் இரத்தத்தில் ஏறும். நான்கைந்து மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். மூன்று மணிக்கு விழுங்கிய நாம் எட்டு மணிக்கு வீழ்ந்தோம். கணக்கு அவ்வளவு துல்லியமாக இருந்தது.

உணவுக்குப் பின் என்று மருத்துவர் சொன்னதை, வயிறு புண்ணாகாமலிருக்கச் சொல்லும் வழக்கமான சொல் என்றே நாம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

தொழுகையைப் போல் குனிந்தும் வீழ்ந்தும் எழுந்தும் செய்யும் வணக்கம் நமக்கு நாளில் ஐந்து முறை. இவ்வகை மருந்து உண்பவர் சஜ்தாவிலிருந்து எழும்போது ஒரு கணம் அமர்ந்து, தலை தெளிந்த பின் எழுவதே நலம். முடியாத நாளில் அமர்ந்து தொழலாம். இரவில் படுக்கையிலிருந்து எழுவதற்கும் இதுவே முறை. காலைத் தொங்கவிட்டுச் சற்றே அமர வேண்டும். விளக்கைப் போட வேண்டும். சிறுநீரையும் உட்கார்ந்தே கழிக்க வேண்டும். இரு மருத்துவர்களும் தொலைபேசியில் பேசிக்கொண்டு அழுத்த மாத்திரையின் அளவைத் திருத்தினர். நோன்புக் காலத்திற்கு, கஞ்சி குடித்து உணவும் முடித்த அரை மணி நேரத்திற்குப் பின் என்று வேளை குறித்தனர். கசிவைப் பற்றிய மனக்குமைச்சலும் அவ்வாறே தீர்ந்தது. ஊரின் மூத்த ஆலிம் ஒருவரிடம் ஒருநாள் வாய்திறந்து கேட்டோம். சிறுநீர் நில்லாமல் கசியும் நோயாளி, துப்புரவு செய்து துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு கடமையான தொழுகைக்கும் வக்து வந்த பின் உளூச் செய்து தாமதியாமல் தொழுதால் போதும் என்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தைச் சொன்னார். எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாகக் கிதாபுகளில் எழுதிக் கிடக்கும் செய்தி இது. கேட்கக் கூசியதால் இரண்டாண்டு அல்லற்பட்டோம்.

மருத்துவரிடம் சொல்லிவிட்டோமே தவிர, வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை. காயல்பட்டினத்து வழக்கப்படி, மணமான பின்பும் மகள் நம் இல்லத்திலேயே இருக்கிறாள். நெற்றித் தழும்பைக் கண்ட நாள் முதல், நம் மாத்திரைகளை வெள்ளிதோறும் கிழமைப் பெட்டியில் பிரித்து வைக்கும் வேலையை அவள் ஏற்றுக்கொண்டாள். டாம்சுலோசினையும் அழுத்த மாத்திரைகளுள் ஒன்றென்றே நம்ப வைத்திருந்தோம்.

2023ஆம் ஆண்டில் சுரப்பி மேலும் பருத்திருப்பதாகக் கண்டு, திருநெல்வேலி மருத்துவர் டுடாஸ்டெரைடு 0.5 மில்லிகிராமையும் சேர்த்தார். இது வேறு வகை. இதனையும் இதன் மூத்த உடன்பிறப்பான ஃபினாஸ்டெரைடையும் பற்றி ஒரு வரலாறு உண்டு. டொமினிக்கன் குடியரசின் ஒதுக்குப்புறச் சிற்றூரில், பெண்களெனக் கருதி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் சிலர் பருவ வயதில் ஆண்களாக மாறுவதை அமெரிக்க மருத்துவர் ஜூலியன் இம்பெராட்டோ மெக்கின்லி ஆராய்ந்து 1974ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆண்மைச் சுரப்புநீரான டெஸ்டோஸ்டிரோனை வேறொரு வலிய வடிவமாக மாற்றும் நொதி ஒன்று பிறவியிலேயே அவர்களுக்குக் குறைவு. அவ்வலிய வடிவம் கருவில் கிடைக்காததால், ஆண் சிசுவின் புற உறுப்புகள் முழுமையாக உருவாகவில்லை. அவர்கள் வளர்ந்த பின்பு புராஸ்டேட் மட்டும் சிறிதாகவே இருந்துவிட்டது. அந்நொதியைத் தடுத்தால் முதியவரின் சுரப்பியும் சுருங்குமன்றோ? அவ்வெண்ணத்தில் பிறந்த ஃபினாஸ்டெரைடு 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டாம்சுலோசின் சில நாள்களில் வழிவிடும். இவையோ ஆறு மாதம் பொறுத்தால்தான் பலன் காட்டும். இரண்டும் சேர்வதால் விளையும் நன்மையை, 3047 ஆடவரைக் கொண்டு நடத்தி 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று நிறுவியது. தனித்தனியே கொடுத்ததைவிடச் சேர்த்துக் கொடுத்தபோதே நோய் முற்றுவது மிகுதியும் குறைந்தது.

சீட்டை எழுதிக்கொண்டே மருத்துவர் கேட்டார்: "வீட்டில் கருவுற்ற பெண்கள் யாரும் இருக்கிறார்களா?"

மகள் அப்போது ஐந்து மாதம். ஏன் கேட்கிறார் என்று விளங்காமலே ஆம் என்றோம். டொமினிக்கன் சிற்றூரின் கதையை அவர்தாம் அப்போது சுருக்கமாகச் சொன்னார். கருவிலிருக்கும் ஆண் சிசுவிற்கு இன்றியமையாத அதே நொதியைத்தான் இம்மருந்து தடுக்கிறது. தோல் வழியாகவும் இது உள்ளே செல்லும். ஆகவே கருவுற்றவரும், கருவுறக்கூடியவரும் இக்குளிகையைக் கையாளவே கூடாது. ஒழுகும் குளிகையைத் தொட நேர்ந்தால் உடனே சோப்பிட்டுக் கழுவ வேண்டும். அதைக் கேட்டபோது கிழமைப் பெட்டியும், அதில் மாத்திரைகளை ஒவ்வொன்றாக இடும் மகளின் விரல்களும் நம் கண்முன் வந்தன. மே மாத வெயிலில் மென்குளிகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது கிழியும். அவர் மட்டும் அக்கேள்வியைக் கேட்காமலிருந்தால், அல்லது மார்ச் மாதத்தில் சொன்னதுபோல் "ஒன்றுமில்லை" என்று நாம் பதிலிறுத்திருந்தால்!

பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு வந்தோம். வீட்டிற்குள் நுழைந்ததும் கோத்தவை அனைத்தும் உதிர்ந்தன. மகளை அழைத்து, "இனி நம் மாத்திரைப் பெட்டியை நீ தொட வேண்டாம்" என்றோம். முகம் வாடி, "நான் என்ன தப்புச் செய்தேன் வாப்பா?" என்றாள். அதற்குப் பிறகு ஒளிக்க இயலவில்லை. சுரப்பி, மருந்து, குளிகை, கீழே விழுந்த காரணம் என்று தலைகுனிந்தவாறே சொல்லி முடித்தோம். அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் வாப்பா... தஹஜ்ஜுத்?" என்றாள்.

"சில நாள்" என்றோம்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாமும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் ஒளித்திருப்பவற்றையெல்லாம் வெளியே எடுக்கும்படி ஆணையிட்டாள். நாம் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்ப, அவள் எட்ட நின்று பெயர்களைப் படித்துத் தாளில் எழுதினாள். நெருஞ்சிலையும் விடவில்லை. அந்தத் தாள் அன்று முதல் நம் சட்டைப் பையில் இருக்கிறது. அக்டோபரில் ஆண் குழந்தை பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ், எக்குறையுமில்லை.

அந்தத் தாள் எங்கெங்கே கைகொடுக்கும் என்று அப்போது நாம் நினைத்திருக்கவில்லை. ஜலதோஷத்திற்காக மருந்துக் கடையில் மாத்திரை கேட்டபோது, கடைக்காரத் தம்பி தாளைப் பார்த்துவிட்டு எடுத்ததைத் திரும்ப வைத்தார். மூக்கடைப்பை நீக்கும் ஃபினைலெஃப்ரின் பையின் கழுத்தை இறுக்கும். அதனோடு சேர்ந்து வரும் குளோர்ஃபெனிரமின் பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். பருத்த சுரப்பியுள்ளவர்க்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிடவும் கூடும். நம் நண்பர் ஒருவருக்குச் சென்னை செல்லும் ரயிலில் இதுவே நேர்ந்தது. மதுரையில் இறக்கிக் குழாய் செருகும் வரை அவர் பட்ட பாட்டை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். சிறுநீர் அடைப்பிற்கு மெல்லிய வெள்ளிக் குழாயைச் செருகும் முறையை, 1013ஆம் ஆண்டில் மறைந்த கொர்தோவா மேதை அஸ்ஸஹ்ராவி தம் தஸ்ரீஃப் என்னும் நூலில் எழுதிவைத்திருக்கிறார் என்று சொல்லி அவரைத் தேற்றினோம். அவர் தேறியதாகத் தெரியவில்லை.

இரத்தப் பரிசோதனைச் சாலையிலும் தாளைக் காட்ட வேண்டும். புற்று உண்டா என்று துழாவும் பி.எஸ்.ஏ. அளவை இரண்டாம் வகை மருந்து ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். அதனை அறியாத மருத்துவர், உயர்ந்திருக்கும் அளவைச் சரியான அளவென்று கொண்டுவிடுவார். இரத்த தானம் செய்வோரும் கவனிக்க வேண்டும். டுடாஸ்டெரைடை நிறுத்தி ஆறு மாதம் கழியும் வரை கொடுத்தலாகாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குச் செல்லக்கூடும். இல்லற வாழ்விலும் இம்மருந்துகளால் சில குறைகள் நேர்வதுண்டு. அதனை வெட்கத்தால் மறைத்து, கடையில் தாமாகவே சில்டெனாஃபில் வாங்கி விழுங்குவோர் உளர். அதுவும் அழுத்தத்தைத் தாழ்த்துவது. இரண்டும் சேர்ந்தால் ஆள் சாய்ந்துவிடுவார். மருத்துவரிடம் சொன்னால் அளவறிந்து கொடுப்பார், அல்லது மருந்தை மாற்றுவார்.

2024ஆம் ஆண்டு நமக்குக் கண்புரை அறுவை செய்ய நாள் குறித்தனர். கண்ணுக்கும் இந்தச் சுரப்பிக்கும் என்ன தொடர்பு என்று தாளை எடுக்காமலிருந்தோம். உடன் வந்திருந்த மகள், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே நம் பையிலிருந்து அதனை உருவி நீட்டிவிட்டாள். மருத்துவர் டாம்சுலோசின் என்னும் சொல்லில் விரலை வைத்தார். கருவிழித்திரையை விரித்துப் பிடிக்கும் தசையையும் இம்மருந்து தளர்த்திவிடுமாம். அறுவையின்போது திரை துணிபோல் துவண்டு குறுக்கே அலையும். டேவிட் சாங், ஜான் கேம்பெல் என்னும் இரு கண் மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்து எழுதினர். மருந்தை முன்கூட்டி நிறுத்துவதாலும் அவ்விளைவு முற்றும் நீங்குவதில்லை. நாமாக நிறுத்தவும் கூடாது. முன்பே தெரிந்தால் அதற்கேற்ற மருந்தும் கருவியும் ஆயத்தமாக வைத்துக்கொள்வார்கள். தெரியாவிட்டால் அறுவை மேசையில்தான் தெரியவரும். "நல்ல வேளை சொன்னீர்கள்" என்றார் மருத்துவர். சொன்னது நாமல்ல.

இப்போது இரவில் ஒரு முறைதான் விழிப்பு வருகிறது. காலைத் தொங்கவிட்டு அமர்ந்து, விளக்கைப் போட்டுவிட்டே எழுகிறோம். குழந்தைக்குப் பாலூட்ட விழித்திருக்கும் மகள், விளக்கொளியைக் கண்டால் அறைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பாள்: "வாப்பா, இது எதற்கு?"

உள்ளதைச் சொல்கிறோம். சில இரவுகளில், இரண்டுக்கும் என்கிறோம்.